மாமாவின் மாத்திரையும் சாளைக் கறியும்

மூளை நோய்களுக்குத் தரும் மருந்துகளை மனிதர்கள் எப்படியெல்லாம் தப்பாகச் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. குழித்துறைப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மிச்ச நேரத்தில் இந்தத் தப்புகளைப் பற்றிப் படிப்பேன், எழுதுவேன், கருத்தரங்குகளில் பேசுவேன். கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். வீட்டுக்கு வந்தால், நான் பேசிவிட்டு வந்த அதே தப்பை என் மாமியார் கறிச்சட்டியும் கையுமாகச் செய்துகொண்டிருப்பார்.

மாமாவுக்கு, அதாவது என் கணவரின் அப்பாவுக்கு, பார்க்கின்சன் நோய். புதுக்கடையில் ஹார்டுவேர் கடை நடத்தியவர். கை நடுக்கத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால்தான் மானத்தை வாங்கியது. நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் அடுக்களை வாசலில் அப்படி நின்றவரிடம் என்ன மாமா என்று கேட்டேன்.

"நான் ரெடிதான் மக்ளே. காலு வரமாட்டேங்கு. நீ போ, அது வரும்ப நான் கூட வாறேன்" என்றார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கோயில் என்று நாங்கள் சொல்லும் சர்ச்சில், திருவிருந்து நாளில் எல்லாரையும்போலத் தன் காலால் நடந்து போய், முன்னால் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வேண்டும். கொஞ்ச காலமாகப் போதகர்தான் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும். வீட்டுக்கு வந்ததும் மாமா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

இனி மாமியின் மருத்துவத்துக்கு வருகிறேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துபோகும் என்பது மாமியின் அசையாத நம்பிக்கை. அதனால் மத்தியானம் சோறு பரிமாறி, சாளைக் கறி ஊற்றி, பொரித்த நெத்திலியை ஒரு பக்கம் வைத்து, அதன் அருகில் தொடுகறிபோல மாத்திரையையும் வைப்பார். மாமா மீனைத் தின்று முடித்து மாத்திரையை விழுங்குவார். கொஞ்ச நேரத்தில் கால் பூட்டிக்கொள்ளும். உடனே மாமி, "சத்து போரல்ல" என்று ராத்திரிக்கு இரண்டு முட்டை சேர்ப்பார். டாக்டர் மாத்திரையைக் கூட்டினால் மாமி மீனையும் கூட்டுவார். வீரியமான மருந்துக்கு வீரியமான சாப்பாடு.

நான் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். தொண்டை வற்றச் சொன்னேன். "மாமி, இந்த மாத்திரையை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால குடுக்கணும். மீனு, முட்டை, எறச்சி கூடப் போனா மருந்து தலைக்கு ஏறாது."

"மீனு தின்னு ஆருக்காவது காலு பூட்டியிருக்கா? அப்பிடின்னா மீனே கதின்னு கெடக்கிய தூத்தூர்ல ஒரு மனுசன் நடக்க முடியுமா?" என்று மாமி கேட்டார். இந்தக் கேள்விக்கு எந்த ஆய்விதழிலும் பதில் இல்லை. மஸ்கட்டில் இருக்கும் என் கணவரிடம் முறையிட்டேன். ஏர்கண்டிஷன் மெக்கானிக்கான அவர், "அம்ம சொல்லியதக் கேளு, அனுபவம் உண்டும்லா" என்று நிபுணர் கருத்துக் கொடுத்தார்.

அப்புறம் லெந்து என்னும் நோன்புக் காலம் வந்தது. ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் மீன், முட்டை, இறைச்சி எதுவும் நுழையாது. மத்தியானம் வரை உபவாசம். உபவாசத்தில் மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்ற பிரச்சினை வந்தது. கடவுள் காரியம் என்பதால் குடல் வேகாது என்று மாமி தீர்மானித்து, பால் விடாத கட்டன்சாயாவோடு கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் மரச்சீனிக் கிழங்கும், தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்மந்தியும்.

மாமா நடந்தார். முதலில் முற்றம் வரை, பிறகு ரோடு வரை, பிறகு தன் பழைய கடை வரை போய், இப்போதைய முதலாளியிடம் ஆணியை அடுக்கிய விதம் சரியில்லை என்று குறை சொல்லிவிட்டு வந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியளா மாமி, நான் சொன்னம்லா!" என்று ஓடினேன்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா மக்ளே, உனக்க ஜெபத்தையும் கர்த்தர் கேட்டிருக்காரு" என்றார்.

குருத்தோலை ஞாயிறன்று மாமா கோயிலில் சாட்சி சொன்னார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, நோயால் மெலிந்த குரலில், "மீனையும் எறச்சியையும் விட்டேன். கர்த்தர் எனக்குக் காலத் தந்தாரு" என்றார். முதல் வாக்கியத்தில் என் ஆராய்ச்சி முழுவதும் இருந்தது. அல்லேலூயா என்னவோ இரண்டாவதுக்குத்தான். அந்த வாரமே சபையில் முட்டுவலிக்காரர்கள் மீனை விட்டார்கள். சர்க்கரைக்காரர் ஒருவர் மாமாவின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். களியக்காவிளையிலிருந்து ஒரு சபையார் சாட்சி சொல்லக் கூப்பிட்டுப் போன் செய்தார்கள். மாமாவுக்கு இதெல்லாம் கூச்சம். "ஈஸ்டருக்கு நடந்து போய்த் திருவிருந்து எடுக்கணும், அது போரும்" என்றார்.

ஈஸ்டரும் வந்தது. அதிகாலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி திருவிருந்து ஆராதனைக்குப் போவது வழக்கம். வீட்டில் ஆப்பமும் ஆட்டுக்கறியும் மணந்தது. தட்டில் அவித்த முட்டை. முட்டையின் பக்கத்தில் மாத்திரை.

"மாமி, இப்போ மாத்திரை மட்டும் போதும். கறி திருவிருந்து முடிஞ்சு தின்னலாம்" என்று கெஞ்சினேன்.

"உயிர்த்தெழுந்த நாளும் அதுவுமா மனுசனப் பட்டினி போடச் சொல்லியா? சொகம் கெடச்சாச்சு. இனி என்ன பயம்?"

இத்தனை நாள் மரச்சீனி தின்ற மாமா என்னைப் பார்க்காமல் ஆப்பத்தைப் பிய்த்தார்.

திருவிருந்துக்கு எழுந்து நடந்த மாமாவுக்கு, கோயிலின் நடுவழியில், பாதித் தூரத்தில், கால் பூட்டியது. முன்னால் காலி. பின்னால் வரிசை. பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு மாமாவைப் பார்த்தது. மறுபடி முதலிலிருந்து பாடியது. சாட்சி சொன்ன மனிதர் ஆயிற்றே, நடுவழியில் நின்று ஜெபிக்கிறார் என்று பின்னால் நின்றவர் நினைத்துத் தானும் கண்ணை மூடினார். அவருக்குப் பின்னால் நின்றவரும் மூடினார். வாசல் வரை வரிசை கண்ணை மூடி நின்றது.

கால் பூட்டினால் எதிரே ஒரு தடையை வைத்துத் தாண்டச் சொன்னால் சில சமயம் கால் விடும். நான் ஓடிப்போய் மாமாவின் பாதத்துக்கு முன்னால் என் காலை நீட்டினேன். "எனக்க காலத் தாண்டுங்க மாமா."

"மருமவளுக்க காலத் தாண்டவா? அதுவும் கோயில்ல வச்சா? நீ அங்கோட்டு மாறு" என்று மாமா கிசுகிசுத்தார்.

கடைசியில் போதகர் இறங்கி வந்தார். நடுவழியில் நின்றபடியே மாமா திருவிருந்து எடுத்தார். சபை முழுவதும் பார்த்தது. அவர் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கக் கைகூட எழவில்லை. அதுவரை உள்ளுக்குள் கோபமும் சிரிப்புமாக இருந்த எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டன. மாமா பாவம்.

வீட்டில் மாமி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார். "நீ சொன்னத இன்னொருக்கச் சொல்லு, கேக்கட்டு."

சொன்னேன். மாத்திரை மூளைக்குள் போக ஒரே ஒரு வாசல். மீனும் முட்டையும் கறியும் செரித்தால் அவற்றின் சத்தும் அதே வாசலில்தான் ஏறும். சாயங்காலம் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறுவதுபோல, கூட்டம் முண்டினால் மாத்திரை ஏற முடியாமல் கீழேயே நிற்கும். மாமி மீந்த ஆட்டுக்கறிச் சட்டியை மூடி வைத்தார்.

"அப்போ இத்தன நாளும் அவரக் கட்டிப் போட்டது நானாக்கும்."

சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். அழுதேன்.

அந்த வாரம் மூவரும் நாகர்கோவில் டாக்டரிடம் போனோம். தட்டில் மாத்திரைக்குப் பக்கத்தில் என்னென்ன இருக்கும் என்பதை மாமி முதல்முறையாக அவரிடம் ஒவ்வொன்றாக ஒப்பித்தார். டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கச் சொன்னார். பகலில் மீன், முட்டை, கறி வேண்டாம், எல்லாவற்றையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள் என்றார்.

"அடுத்த திருவிருந்துக்கு நடப்பேனா?" என்று மாமா கேட்டார்.

"நடக்கலாம். ஆனா மீன் சாப்பிட்ட ராத்திரி கால் பூட்டத்தான் செய்யும். எங்கயும் நகர முடியாது, பரவாயில்லையா?"

மாமா வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

"ராத்திரி அவருக்கு எங்க போணும் டாக்டரே? எனக்க பக்கத்துலதானே கெடக்கணும்."