உங்க ஊட்டு டைம்

ஒரு வீட்டில் கேமரா மாட்டி முடித்ததும் ஸ்டீபன் கடைசியாகச் செய்யும் வேலை, நேரம் வைப்பது. கேமராக்களின் ஒயரெல்லாம் வந்து சேரும் கறுப்புப் பெட்டியை, எல்லோரும் டி.வி.ஆர். என்று சொல்லும் அந்த ரெக்கார்டரை, டிவிக்குக் கீழே வைப்பான். மவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துச் சுவரை அண்ணாந்து பார்ப்பான். அங்கே தொங்கும் கடிகாரம் என்ன மணி காட்டுகிறதோ அதையே பெட்டியிலும் வைப்பான். "உங்க ஊட்டு டைமே வச்சிட்டேன்" என்பான். வீட்டுக்காரர்கள் சுவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், மணவாள நகரில் ஒரு வீட்டில், தன் போனைப் பார்த்துச் சரியான நேரத்தை வைத்துவிட்டு வந்தான். இரண்டாம் நாளே கூப்பிட்டார்கள். பெட்டி ரிப்பேர், ஏழு நிமிடம் மெதுவாக ஓடுகிறது என்றார்கள். வீட்டுக் கடிகாரம்தான் வேகமாக ஓடுகிறது என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. மனிதர்களுக்குச் சரியான நேரம் வேண்டியதில்லை, ஒத்துப்போகிற நேரம் இருந்தால் போதும் என்று அன்றைக்கு முடிவு செய்தான். அதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான வீடுகளில் அது போதுமானதாகவே இருந்தது.

அவனுக்கு நாற்பத்தொரு வயது. அப்பா ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பிறருடைய நெல்வயலில் கூலி வேலை செய்தவர். மகன் வயலில் இறங்கவில்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பதினொரு வருடம் இருந்தான். ஒருநாள் காலை கேட்டில் அவனுடைய அட்டை வேலை செய்யவில்லை. யாரும் திட்டவில்லை, யாரும் காரணம் சொல்லவில்லை. அட்டையைத் தேய்த்தான், சிவப்பு விளக்கு எரிந்தது, பின்னால் நின்றவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு மனிதனை வெளியே தள்ள இப்போது யாரும் வாய்கூடத் திறக்க வேண்டியதில்லை. அன்று தெரிந்துகொண்டதை அவன் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் கேமரா. திருவள்ளூரில் ஒரு கடைக்காரரிடம் ஒயர் இழுக்கும் ஆளாகச் சேர்ந்து, இரண்டு வருடத்தில் தனியாக வந்தான். பைக்கின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு போவான். பெரிய கெட்டிக்காரன் இல்லை. ஆனால் கவனமானவன். பழுதைச் சரி செய்யும் முன் அதைப் போனில் படம் எடுத்து மனைவி ஏஞ்சலினுக்கு அனுப்பிவிடுவான். எந்த வீட்டில் என்ன பழுது என்று அவள் தேதி போட்டு எழுதி வைப்பாள்.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில் அவனுடைய மாமி கங்கம்மா போன் செய்தாள்.

"ஸ்டீபா, உங்க மாமாவ ஸ்டேஷனுக்கு இட்டுகினு பூட்டாங்கடா. நைட் ஷிப்டு முட்சிட்டு பஸ்ஸ உட்டு எறங்கறாரு, அங்கியே புட்சிகினாங்க. துளசிராமன் ஊட்டு மோட்டார் ஒயர அறுத்துட்டாராம்."

"யார் பாத்தாங்களாம்?"

"கேமராவுல கீறாராம்."

"எந்தக் கேமராவுல?"

"நீ மாட்ன கேமராதாண்டா."

மாமா தேசப்பன் ஸ்டீபனுடைய அம்மாவுக்குத் தம்பி. ஐம்பத்துநான்கு வயது, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக்காரர் மூலம் மூட்டை ஏற்றும் வேலை. வழக்கு என்று ஒன்று பதிவாகிவிட்டால் ஒப்பந்தக்காரர் மறுநாளே பெயரை அடித்துவிடுவார். வெள்ளிக்கிழமை காலையில் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று கங்கம்மா சொன்னாள். அதற்குள் எதையாவது செய்ய வேண்டும். என்ன செய்வது என்று ஸ்டீபனுக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்குத் துளசிராமனே அவனைக் கூப்பிட்டார்.

மாமா இருந்த கிராமத்தில் துளசிராமனுக்குப் பதினாறு ஏக்கர் நெல் நிலம். ஸ்டீபனின் அப்பா இவரையும் இவருடைய அப்பாவையும் கூலிக்காரர்கள் பண்ணைக்காரரை அழைக்கும் நைனா என்ற சொல்லால்தான் கூப்பிடுவார். ஸ்டீபன் சார் என்பான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் போய் வந்தான்.

"வாப்பா. பென் டிரைவ் சொருவினா எடுக்க மாட்டேன்து. ஆறு மணிக்குள்ள ஸ்டேஷன்ல குட்கணும்" என்றார் துளசிராமன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் மாமன்னு தெரியும். அத மனசுல வச்சிகினு வேல செய்யாத."

அவர் மனைவி பூவம்மாள் பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்து வைத்தாள். மகன் பரத் கட்டிலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருப்பவன்.

பென் டிரைவில் இருந்தது சின்னக் கோளாறுதான். பெட்டியிலேயே அதை ஒருமுறை ஃபார்மேட் செய்ததும் ஏற்றுக்கொண்டது. துளசிராமன் காட்சியைப் போட்டுக் காட்டினார். வயல் மோட்டாரின் ஸ்டார்ட்டரில் ஒரு சிம் இருந்தது. கரண்ட் நின்றால் அவர் போனுக்குச் செய்தி அனுப்பும். புதன்கிழமை மாலை 6.20-க்குச் செய்தி வந்திருந்தது. இருட்டிய பிறகு போய்ப் பார்த்தபோது ஃபியூஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முப்பது மீட்டர் செம்பு ஒயரை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் 6.20-லிருந்து பதிவைப் பார்த்திருக்கிறார்கள். திரையில் 6.41-க்கு தேசப்பன் தோளில் பையோடு வயல் பக்கமிருந்து வந்து கேட்டைக் கடந்து போனார். இரவு ஷிப்டுக்கு அவர் எப்போதும் கொண்டுபோகும் பைதான் அது. சாப்பாடும் மாற்றுச் சட்டையும் இருக்கும். ஆனால் சாம்பல் நிறப் படத்தில் அது எதையும் சுமக்கக்கூடிய பையாகத் தெரிந்தது.

"ஆறர பஸ்ஸுக்குப் போனேன்றான். ஆறு நாப்பத்தொண்ணுக்கு என் கேட்டாண்ட நட்ந்துகினு கீறான். பூட்ட பஸ்ஸ துரத்திகினு போறானா?"

கட்டிலிலிருந்து பரத் சிரித்தான்.

6.15-லிருந்து 6.45 வரை பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தான் ஸ்டீபன். துளசிராமன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நேரடிக் காட்சிக்குத் திரும்பியபோது மூலையில் 4.33 என்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீபனுடைய போனில் 4.13. சுவரை அண்ணாந்து பார்த்தான். அங்கேயும் 4.33.

"அம்மா, அந்தக் கடியாரம் கரெக்டா?"

"அது இருவது நிமிஷம் பாஸ்டுப்பா" என்றாள் பூவம்மாள். "பொண்ணு காயத்ரி காலேஜுக்கு ரயில் புடிக்கச் சொல்லோ வச்சது. அவ கல்யாணம் ஆயி பூட்டா. நாங்க கழிச்சிப் பாத்துக்குவோம், பழகிடுச்சி."

ஏழு மாதத்துக்கு முன் இதே இடத்தில் நின்று, அண்ணாந்து பார்த்து, உங்க ஊட்டு டைமே வச்சிட்டேன் என்று சொன்னவன் ஸ்டீபன்தான். இந்த வீட்டில் எல்லோரும் தினமும் இருபது நிமிடத்தைக் கழித்தே வாழ்கிறார்கள். சுவரைப் பார்த்தபோது கழித்தவர்கள் திரையைப் பார்த்தபோது கழிக்கவில்லை. எந்திரம் காட்டும் நேரத்தை யாரும் கழித்துப் பார்ப்பதில்லை.

6.41 என்பது உண்மையில் 6.21. மோட்டார் கொட்டகையிலிருந்து இந்தக் கேட்டுக்குப் பத்து நிமிட நடை. அங்கே ஃபியூஸைப் பிடுங்கிய நேரத்தில் தேசப்பன் இங்கே கேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ஆறரை பஸ்ஸுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

பழக்கம் கையை நகர்த்தியது. திரையும் சுவர்க் கடிகாரமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து ஏஞ்சலினுக்கு அனுப்பினான். "சார், பொட்டில டைம் இருவது நிமிஷம் முன்னாடி ஓடுது" என்றான். துளசிராமன் புரியாமல் பார்த்தார். அவன் புதன்கிழமைப் பதிவை மறுபடி திறந்தான். அவர்கள் பார்ப்பதை நிறுத்திய இடத்திலிருந்து முன்னால் ஓட்டினான். திருட்டு நடந்த நேரம் அங்கேதான் தொடங்கியது. 6.50-க்கு ஒரு நாய். 6.58-க்குப் பால் கேனோடு ஒரு சைக்கிள். 7.05-க்கு, அதாவது உண்மையில் 6.45-க்கு, வயல் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. டேங்கின் மேல் கனமான சாக்கு. கேட்டருகே வேகம் குறைந்தது. ஓட்டியவன் கேமரா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே திரும்பாமல் நேராக ஹைவே பக்கம் போனான்.

திரை இருண்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த பரத்தின் கையில் ரிமோட் இருந்தது.

துளசிராமன் மகனைப் பார்க்கவில்லை. இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரியுமா, அந்த நொடியில்தான் தெரிந்ததா என்பதை ஸ்டீபனால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. பிறகு அவர் பேசியபோது குரலில் கோபமே இல்லை.

"டைம் தப்பா ஓடுதுன்னியே. சரி பண்ணிட்டுப் போ. அதுக்குத்தான வந்தே?"

இத்தனை வருடத்தில் பழுதைப் பார்த்தும் சரி செய்யாமல் அவன் எந்த வீட்டிலிருந்தும் வந்ததில்லை. ஆனால் இந்தக் கடிகாரம் தவறாக இருக்கும் வரைதான் தேசப்பன் பக்கம் ஒரு சாட்சி உண்டு. அதைத் திருத்திவிட்டால் புதன்கிழமையின் பொய் நேரம் உண்மை நேரமாகிவிடும்.

"வேணா நைனா" என்றான். அந்தச் சொல் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

துளசிராமன் லேசாகச் சிரித்தார். "உங்கப்பன் இருந்தா இந்நேரம் முட்சிட்டுப் போயிருப்பான். சரி, பாத்து போ. ரோடு நல்லா இல்ல."

பரத் வாசல்வரை வந்தான். ஸ்டீபனின் வண்டியில் கட்டியிருந்த ஏணியின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். "டைட்டா கட்டுங்கண்ணே. வழியில எங்கனா உழுந்துட போவுது" என்றான்.

ஸ்டேஷனில் தேசப்பன் சுவரோரம் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ரைட்டர் சுப்பிரமணி வயதானவர், நிதானமானவர். ஸ்டீபன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"டைம் வச்சது யாரு?"

"நான்தான் சார்."

"தப்பா வச்சே."

"ஆமா சார்."

"தேசப்பன் உனக்கு இன்னா வேணும்?"

"தாய்மாமன் சார்."

பேனா நின்றது. "இது கேஸா ஆச்சுன்னா அந்தப் பக்கத்து வக்கீல் இன்னா கேப்பாரு தெரியுமா? மாமன காப்பாத்த தன் வேலையே தப்புன்றான், இவன நம்பலாமான்னு கேப்பாரு. உங்க ஜனத்துல எத்தினி பேரு அந்த ஊர்ல இருந்து சாட்சி சொல்லிக் கீறாங்க?"

ஸ்டீபன் போனிலிருந்த படத்தைக் காட்டினான். படத்தில் திரை காட்டிய மணிக்கும் அதை அனுப்பிய மணிக்கும் இருபது நிமிட வித்தியாசம் இருந்தது. போனில் நேரத்தை மாற்றுவது பெரிய வித்தையா என்று கேட்டார் ரைட்டர். அனுப்பிய நேரம் மனைவியின் போனிலும் இருக்கிறது என்றான். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்துத் துளசிராமனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"டைமா? சரியாத்தான் சார் ஓடுது" என்றது துளசிராமனின் குரல். "இதோ, அஞ்சு இருபத்தெட்டு. உங்களுக்கும் அதான காட்டுது?"

ஸ்டேஷன் கடிகாரமும் அதையே காட்டியது.

"மாத்திட்டாங்க சார்" என்றான் ஸ்டீபன். அவனால் அடக்க முடியவில்லை. "மாத்துனா மாத்துனதும் பொட்டில பதிவாவும். எத்தினி மணிக்கு மாத்துனாங்க, எதுல இருந்து எதுக்கு மாத்துனாங்க, எல்லாம் இருக்கும். உள்ள கீற ஹார்டு டிஸ்க்க எட்தா போதும் சார், பைக்கு போனதுகூட அதுல கீது."

சொல்லி முடித்த பிறகுதான் மேசைமேல் இருந்த போனைப் பார்த்தான். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு அழைப்பு நின்றது. ரைட்டர் அதை நிறுத்தவில்லை.

"அத அழிக்க முடியுமா?" என்று கேட்டார் அவர்.

"முடியும் சார்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு நிமிஷம். எப்டி செய்யறதுன்னு நான்தான் பரத்துக்குச் சொல்லிக் குட்தேன், மாட்ன அன்னிக்கே."

ரைட்டர் வெளியே எட்டிப் பார்த்தார். ஜீப் ஹைவேயில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. வர அரை மணியாகும் என்றார்கள். அவர் மறுபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார். நேரத்தைத் தவறாக வைத்தவன் நானே என்ற வரி வந்தபோது ஸ்டீபனை நிமிர்ந்து பார்த்தார். இதைக் கேள்விப்பட்டால் அவனை இனி எந்த வீட்டுக்காரரும் உள்ளே விடமாட்டார் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. ஸ்டீபன் குனிந்து கையெழுத்துப் போட்டான்.

"ஜீப்பு வரட்டும்" என்றார் ரைட்டர்.

பெஞ்சிலிருந்து தேசப்பன் முதல் தடவையாகப் பேசினார்.

"ஸ்டீபா, காலைல கோர்ட்டுக்குப் போவச் சொல்லோ போட்டுக்க ஒரு நல்ல சட்டை எட்தாரச் சொல்லு மாமிகிட்ட."

"ஜீப்பு வந்துடும் மாமா."

"வரட்டும். நீ சட்டைய சொல்லிடு."

ஸ்டீபன் வாசலை எட்டிப் பார்த்தான். ஜீப் இன்னும் வரவில்லை. பிறகு போனை எடுத்துக் கங்கம்மாவைக் கூப்பிட்டான்.