குண்டூசி குத்திய சங்கீதங்கள்

சைக்கிளில் தகரப் பெட்டி கட்டிக்கொண்டு போய்ப் புத்தகம் விற்கிறவனைப் பார்த்தால் ஜனங்கள் முதலில் கேட்பது, "இன்னா மருந்துப்பா?" என்றுதான். ஊர் ஊராக அலைந்த தொழில் கூட்டாளிகளே, உங்களுக்கும் இது நடந்திருக்கும்.

அறுபதுகளின் நடுவில், செஞ்சியைச் சுற்றி, பைபிளில் வருகிற சங்கீதப் புத்தகம் விற்கிற வேலையை எங்கள் சபைப் போதகர் எனக்கு வாங்கிக் கொடுத்தார். எங்கள் நாலு வயசு மகள் காய்ச்சலில் போய் அப்போது ரெண்டு மாசம். அன்றிலிருந்து என் மனைவி எஸ்தர் ஜெபத்துக்கு வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் நான் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை எடுத்துப் படிப்பேன். மேய்ப்பர் என்று ஆரம்பித்ததுமே அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். ஊருக்கு ஆறுதல் விற்கிறவன் சரக்கு சொந்த வீட்டில் போணியாகவில்லை. அது ஏன் என்பதுதான் எனக்குக் குடைச்சல்.

தகரக்கடை பாய்

நம் பக்கத்தில் நூல் போட்டுப் பார்க்கிற வழக்கம் உண்டல்லவா? மூடின புத்தகத்துக்குள் ஒரு நூலை விட்டு, அது விழுந்த பக்கத்தைப் படிக்கச் சொல்வார்கள். நல்ல வாக்கு வந்தால் வாங்குவார்கள். அழுகை வந்தால் துணியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? நான் காட்டுகிற புத்தகத்தில் புலம்பல் வருகிற பக்கங்களையெல்லாம் சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்துவிட்டேன். அப்புறம் நூலை எங்கே விட்டாலும் புல்வெளி, தண்ணீர் என்று நல்ல வாக்குதான்.

ஒருநாள் பெட்டியில் ஓட்டை விழுந்து, செஞ்சி கடைத்தெருவில் தகர வேலை செய்கிற பாயிடம் கொண்டுபோனேன். ஈயம் காய்கிற நேரத்தில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தார். "தாவூது நபிக்கு எறங்குன ஜபூர் வேதமா இது?" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த மனுஷனுக்கும் நம் தாவீதின் சங்கீதம் சொந்தமா என்று எனக்கு ஆச்சரியம். அதற்குள் அவர் குண்டூசியைப் பார்த்துவிட்டார். எதுக்கு என்றார், மறைக்காமல் சொன்னேன். ஒவ்வொன்றாக உருவி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "நபி சிரிச்சத மட்டும் காட்டிக்கினு திரியறியே, அவரு அழுதது இன்னா பொய்யா?"

அவலூர்பேட்டைச் சந்தை

திரும்பக் குத்த எனக்கு மனசு வரவில்லை. அடுத்த சந்தையிலேயே அதற்குப் பலன் கிடைத்தது. மழையில்லாமல் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, காய்ந்துபோன வருஷம். விதைக்குக்கூட மிஞ்சாத ஒரு குடியானவப் பெண் எதிரே உட்கார்ந்து, முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவிப் புத்தகத்துக்குள் விட்டாள். விழுந்தது பதின்மூன்றாம் சங்கீதம். எத்தனை காலத்துக்கு என்னை மறந்தே இருப்பீர் என்று தாவீது கடவுளிடமே கேட்கிற இடம். போச்சுடா என்று நினைத்து, "தப்பா விழுந்துருச்சும்மா, இன்னொரு தடவை போடு" என்று பக்கத்தைத் திருப்பப் போனேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, முழுசும் படிக்கச் சொன்னாள். படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமியை இப்படிக் கேட்கலாமா, அவருக்குக் கோபம் வராதா என்று அவளிடமே கேட்டேன். எனக்குத்தான் தோண்டிக் கேட்கிற புத்தி ஆயிற்றே. அவள் வாங்கின புத்தகத்தை மடியில் கட்டிக்கொண்டே சொன்னாள்: "காது குடுத்துக் கேக்கற ஆளு கிட்டதான்யா யாரும் சண்டைக்குப் போவாங்க."

எங்கள் வீட்டில்

சைக்கிளை மிதித்து வருகிற வழியெல்லாம் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. மறுநாள் காலையில் எஸ்தர் முறத்தில் ரேஷன் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மேய்ப்பரை விட்டுவிட்டு எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எடுத்தேன். அது ஒரு பொல்லாத சங்கீதம். ராவும் பகலும் கத்துகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக் கேட்டு, கடைசி வரியிலும் இருட்டிலேயே முடியும். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. பயந்துகொண்டேதான் படித்தேன்.

அவள் எழுந்து போகவில்லை. கல் பொறுக்கின கை நின்றுவிட்டது. "இத எழுதனவருக்கும் புள்ள செத்திருக்குமா?" என்றாள். தெரியாது என்றேன். புத்தகத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி அவளே சத்தமாகப் படித்தாள். பாதியில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொந்த வார்த்தையில் கேட்க ஆரம்பித்தாள். ஏன் எடுத்தீர், நான் என்ன குறை வைத்தேன், பதில் சொல்லும். எட்டு மாசம் கழித்து என் வீட்டில் ஜெபம் கேட்டது. அவள் கேட்டு முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, முறத்தைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தோத்திரம் சொல்லத்தான் எனக்கு வாய் வரல. கேள்வி கேக்கலாம்னு நீ சொல்லியிருந்தா, அவள அடக்கம் பண்ண அன்னிக்கே முட்டி போட்டிருப்பேனே."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் யாராவது இருந்தால், விற்கிற புத்தகத்தை ஒரு தடவையாவது குண்டூசி இல்லாமல் வீட்டில் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் சைக்கிளை எடுங்கள் என்று சொல்வதற்கு எனக்கு இப்போது கொஞ்சம் யோக்கியதை உண்டு.