காதர் பாயின் அப்பீல்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் காதர் பாய்க்காகக் காத்து நின்றபோதுதான் போன் வந்தது. அன்று அவருடைய மேல்முறையீட்டு விசாரணை. "அண்ணன் நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்தாரு, போயிட்டாரு" என்று அவர் தம்பி அழுதார். "பாவம், இனி ஜெயில் பயம் இல்ல" என்றேன். எனக்கு முதலில் வந்த வார்த்தை அதுதான். ராஜபாளையத்தில் அவரோடு தறி ஓட்டிய உங்களிடம் இதைச் சொல்லக் கூசுகிறது.

அவருடைய பேண்டேஜ் துணி நெய்யும் கூடத்தில் வேலை பார்த்த முத்துலட்சுமி அங்கேயே மின்சாரம் தாக்கி இறந்ததும், நைந்த வயரை மாற்றாத கவனக்குறைவுக்காகப் பாய்க்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அப்பீல் வேண்டாம் என்றவரை வற்புறுத்தியது நாம்தான். கூடம் முழுக்கப் புது வயர் போட்டபோது நான் மெச்சினேன். "அவ இருக்கயில மாத்தாதவனப் போயி பாராட்டாதீக" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டில் வக்கீல் விளக்கினார்: "ஜெயில் தண்டனை அவரோட போச்சு. குற்றவாளிங்கிற பேரை அழிக்கணும்னா, குடும்பத்தார் முப்பது நாளைக்குள்ள அனுமதி கேட்டு அப்பீலை நடத்தலாம். முத்துலட்சுமி வீட்டுக்காரர் போட்ட நஷ்டஈட்டு வழக்கு மட்டும் சாகாது. அவர் விட்டுட்டுப் போன சொத்துல இருந்து கொடுக்கணும்."

"மனு போடுவோம் சார். நஷ்டஈட்டையும் எம்புட்டு இழுக்க முடியுமோ இழுங்க" என்றார் தம்பி. நாங்களும் தலையாட்டினோம்.

உள்ளறையிலிருந்து பாயின் மனைவி ரஹ்மத்தின் குரல் வந்தது. "மனு வேண்டாம். தப்பே செய்யலன்னு அவிய எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. அந்தப் புள்ள புருசனக் கோர்ட்டுக்கு அலைய விடாதீக. கூடத்த வித்தாவது கொடுத்துருங்க."

வக்கீல் சரியென்று எழுந்துகொண்டார். கூடத்தை விற்க இப்போது ஆள் பார்க்கிறார்கள்.

அப்பீலின் முந்தைய விசாரணையில், முத்துலட்சுமி ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டதுதான் காரணம் என்று வக்கீல் வாதாடினார். வெளியே வந்ததும் பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ மேல பழி போடாதீக சார். சாப்பிட்டுக் கை கழுவிட்டு இருந்தவள, ஈரம் காயுமுன்ன, தறி நிக்கிது ஓடியான்னு கூப்பிட்டதே நான்தான்."

"சத்தமாப் பேசாதீரும் பாய்" என்று அவரை டீக்கடைக்கு இழுத்துப் போனேன். அவர் டீயைத் தொடவில்லை.

கோர்ட் அதைக் கேட்கவில்லை. இனி கேட்கப் போவதுமில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொல்தான். நீங்களாவது கேளுங்கள்.