கொளஞ்சியப்பருக்கு நான் எழுதிய பிராது

பிள்ளை பெற்றால் எழுத்து செழிக்கும் என்று எனக்குச் சொன்னவர்களை இன்று பார்த்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். செழித்தது, பொய் சொல்லவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

மகள் பிறப்பதற்கு முன்பே ஒரு நாவலில் பாதி தாண்டியிருந்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருத்தியின் கைக்குழந்தை காய்ச்சலில் செத்துப்போகிறது. மறுவாரமே அவள் வேலைக்குத் திரும்புகிறாள். இவ்வளவுதான் கதை. நானும் அப்படியொரு பட்டறையில்தான் இருந்தேன். அச்சில் மண்கூழை ஊற்றிவிட்டு, அது இறுகும்வரை மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொள்வேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எழுதுவேன். ஆனால் கதையில் வந்த குழந்தை மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. துணியில் சுற்றிய பொட்டலம் மாதிரிக் கிடந்தது.

மகள் பிறந்தாள். பச்சை உடம்புக்காரி எழுதினால் கண்பார்வை போய்விடும் என்று மாமியார் பேனாவைத் தொடவிடவில்லை. சரிதான் போ என்று போனை எடுத்துக்கொண்டேன். நான் பேசப் பேச அது எழுதிக்கொண்டது. மகளை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே நாவலைச் சொன்னேன். உச்சிக்குழி துடிப்பது, பால் குடித்த களைப்பில் வாயைத் திறந்தபடி கிடப்பது, தும்மிவிட்டுத் தானே பயந்துகொள்வது, எல்லாவற்றையும் இவளிடமிருந்து எடுத்து அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். ஐயோ, எப்படி உயிர் வந்தது தெரியுமா! எழுத்தில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை.

அப்புறம் அதைச் சாகடிக்க வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம், "நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுவிட்டது" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமியார் கஞ்சியோடு உள்ளே வந்தார்.

"அடிப்பாவி! மடியில புள்ளய வச்சிக்கினு என்னா பேச்சு பேசற நீ?"

"கதைங்க அத்த. கதையில வர்ற புள்ள."

"எந்தப் புள்ளயா இருந்தா என்ன? பாலு குடுக்கறப்ப வாயில வர்ற பேச்சா இது?"

விடுவேனா? மூடநம்பிக்கை, அது இது என்று நானும் கத்தினேன். கஞ்சி ஆறிப்போயிற்று.

அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல் கண்டது. சளி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி ஏற்றினார்கள். மூச்சு வாங்கும்போது அவள் விலா உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. 'விலா இப்படி இழுக்கும் என்று நான் எழுதவில்லையே' என்று அந்த நேரத்திலும் என் புத்தி குறித்துக்கொண்டது. என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருந்தது.

எங்கள் பக்கத்தில் முடியாத காரியம் என்றால் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவார்கள். கலெக்டருக்கு மனுக் கொடுக்கிற மாதிரிதான். இன்னார், இன்ன ஊர், இன்ன குறை என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, கோயிலில் இருக்கும் வேலில் கட்டிவிட வேண்டும். மாமியாருக்கு எழுதத் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வெள்ளைத்தாளை என்னிடமே நீட்டினார்.

"நீதான எழுதறவ. எழுது. எம் மருமவ வாயால வந்தது பேத்தி மேல ஏறிடுச்சி, எறக்கி வுடுப்பா சாமின்னு எழுது."

என் மேலேயே நான் பிராது எழுதினேன். ஒரு எழுத்து அடித்தல் திருத்தல் இல்லை. அவர் சொல்லாத ஒரு வரியையும் கடைசியில் சேர்த்தேன்: 'கதையில் வரும் பிள்ளையையும் சாகவிட மாட்டேன்.' அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிப் போய்க் கட்டிவிட்டு வந்தார்.

மகள் பிழைத்தாள். மருந்துதான் காப்பாற்றியது. அது எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். மாமியாரிடம் யாராவது சொல்லிப் பாருங்கள்!

சில மாதம் கழித்துப் பதிப்பாளர் கூப்பிட்டார். பிள்ளை பிழைத்துக்கொள்கிற மாதிரி மாற்றலாமா என்று கேட்டேன். "அது பிழைச்சா நாவல் போயிடும்மா" என்றார். அவர் சொன்னது சரி. பிழைக்க வைத்தும் எழுதிப் பார்த்தேன், படித்த மாத்திரத்தில் பொய் என்று தெரிந்தது. பழைய முடிவையே எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒரு சொல் வரவில்லை. என் கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"வெறுங் கததான? ஏன் இப்புடிப் போட்டு ஒழப்பிக்கற?"

"அப்ப நீங்க சொல்லுங்க. 'நெஞ்சு நின்னுபோச்சு'ன்னு சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

அவர் வாயைத் திறந்தார். எழுந்து உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த மகளின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.

மகள் இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். கதையில் அந்தப் பிள்ளை இன்னும் காய்ச்சலோடுதான் கிடக்கிறது. பெற்றவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அழுது தீர்க்கவும் அவளை நான் விடவில்லை, எழுந்து வேலைக்குப் போகவும் விடவில்லை.