கடப்பாரையில் மூன்று கீறல்

நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது சான்றுப் பொருள் அறை. போலீசார் கைப்பற்றும் கத்தி, பூட்டு, ஒற்றைச் செருப்பு எல்லாம் வழக்கு முடியும்வரை அங்கேதான் கிடக்கும். சாட்சி விசாரணையன்று மாடிக்குப் போகும்; தீர்ப்புக்குப் பிறகு உரியவரிடம் சேரும், அல்லது அழிக்கப்படும். இருபத்தாறு வருடமாக அதைப் பார்த்துக்கொண்ட பெண்மணியைத் தராசு அக்கா என்பார்கள். எது வந்தாலும் நிறுத்து, அளந்து, பிறகுதான் பதிவேட்டைத் திறப்பார். அப்படிச் செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லை.

இரும்பில் ஒட்டிய சீட்டு துருவில் ஊறி உதிர்ந்துவிடும். ஆகவே பழைய நீதிபதி ஒருவரிடம் அனுமதி வாங்கி, இரும்புச் சாமான்களில் அரத்தால் சின்னதாகக் கீறி வைப்பார். வழக்கில் அது எத்தனையாவது பொருளோ, அத்தனை கீறல்.

அன்று மாடியில் மருந்துக்கடை உடைப்பு வழக்கு. கூண்டில் நின்றவன் பஞ்சர் ஒட்டுகிறவன்; ஏழு மாதமாகச் சிறையில் இருக்கிறான். அவன் கொட்டகையில் கிடைத்ததாக இன்ஸ்பெக்டர் சொன்ன கடப்பாரை, வழக்கத்துக்கு மாறாகத் துணி சுற்றி, அரக்கு முத்திரையோடு வந்திருந்தது. கோர்ட்டில் தவிர வேறெங்கும் பிரிக்கக் கூடாது என்பதால், தராசு அக்கா அதை நிறுக்கவுமில்லை, கீறவுமில்லை. அதைத் தூக்கிப்போய் மேசையில் வைத்தவர் அவர்தான்.

துணி விலகியது. அவர் குனிந்து பார்த்தார். கடப்பாரையின் முனையருகே மூன்று கீறல்.

மதிய இடைவேளையில் பழைய பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய வேறொரு வழக்கில் மூன்றாவது பொருளாக ஒரு கடப்பாரை. 'உருக்கி அழிக்கப்பட்டது, நேரில் பார்த்தேன்' என்று கீழே அவருடைய கையெழுத்து. அவர் பார்க்கவில்லை. சாமான்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றிவிட்டு, பட்டறைவரை யார் வெயிலில் அலைவது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்ட கையெழுத்து. எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள்.

விஷயத்தைக் கேட்ட தலைமை எழுத்தர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அக்கா, இன்னும் ஒன்றரை வருஷம்தான் உங்களுக்கு சர்வீஸ். நீங்களா போய் தலையைக் குடுப்பீங்களா?"

"நான் வாயை மூடிக்கிட்டா அவன் உள்ள போயிடுவானே."

"அவனுக்கு வக்கீல் இருக்காங்கல்ல?"

"வக்கீலுக்கு இந்தக் கீறல் தெரியுமா? எனக்குத்தான் தெரியும். வழிய விடுங்க."

நடந்ததை ஒரு தாளில் எழுதி நீதிபதிக்கு அனுப்பினார். நீதிபதி அவரையே சாட்சியாக அழைத்தார். இத்தனை வருடம் எத்தனையோ பேர் ஏறி இறங்கிய சாட்சிக் கூண்டில், அன்றுதான் அவர் முதல்முறையாக ஏறினார்.

அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "ஏம்மா, ஊர்ல உங்ககிட்ட மட்டும்தான் அரம் இருக்கா?"

"அரம் எல்லார்கிட்டயும் இருக்குங்க. முனையிலிருந்து எத்தனை அங்குலத்துல கீறியிருக்கேன்னு பதிவேட்டுல இருக்கு. அளந்து பாருங்க. எடையும் இருக்கு."

"எடை பொருந்தலைன்னா?"

"ரெண்டு மூணு கிராம் குறையும். துரு உதிர்ந்திருக்கும். கூடியிருக்காது."

கீழிருந்து தராசு வந்தது. நீளம் பொருந்தியது. கீறலின் தூரம் பொருந்தியது. எடையில் இரண்டு கிராம் குறைவு. வக்கீலின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அப்போ நேர்ல பார்த்தேன்னு நீங்க போட்ட கையெழுத்து பொய்தானே?"

"பொய்தாங்க. பார்க்காமலே போட்டேன். உருக்க வேண்டிய இரும்பை மறுபடி யாரோ வழக்குக்குக் கொண்டுவர்றதுக்கு வழி விட்டது நான்தான். அதுக்கு என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க, ஐயா. இவருக்குக் குடுக்காதீங்க."

பிறர் தவறைச் சொல்லும்போது சத்தியம் எளிது. தன் தவறு வழியாகத்தான் அதைச் சொல்ல முடியும் என்றால், பெரும்பாலோர் பேச்சை மாற்றிவிடுவோம். அவர் மாற்றவில்லை. அதற்கு மேல் புகழ வேண்டியதில்லை; அதற்குக் குறைவாகவும் சொல்ல முடியாது.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு. இன்ஸ்பெக்டர் மீது விசாரணைக்கு உத்தரவு. தராசு அக்காவுக்கு எழுத்தில் கண்டனம். பஞ்சர்காரன் விடுதலை. அவனுக்குத்தான் அது புரியவில்லை. அடுத்த தேதிக்காகக் காத்துக்கொண்டு கூண்டிலேயே நின்றான்.

"யோவ், இறங்கி வாய்யா!" என்று பின்வரிசையிலிருந்து அவன் மனைவி கத்தினாள். "ஏழு மாசம் நின்னது போதாதா?"

கோர்ட்டில் கைதட்டக் கூடாது. முதலில் தட்டியது தலைமை எழுத்தர். பிறகு தட்டச்சர், வாயிற்காவலர், வேறு வழக்குக்கு வந்தவர்கள்கூட. நீதிபதி எதுவும் காதில் விழாதவர்போல அடுத்த வழக்கின் காகிதக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார், வெகுநேரம்.