மீட்டிங்கில் ஒரு மன்றாட்டு மாலை

எங்கள் தொழிற்சாலையில் ஆடிட் நடந்த மாதம், கடல் பாலத்து நெரிசல்தான் எனக்குக் கோயில். இக்கரையில் இருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து எதிரே உள்ள தீவுக்கு வேலைக்குப் போகும் வழியில், கார் ஊர்ந்துகொண்டிருக்க, புனிதர்களின் மன்றாட்டு மாலையைச் சொல்வேன். எந்தப் புனிதர் பெயர் வந்தாலும் பதில் ஒன்றுதான்: “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” பாலம் முடிவதற்குள் ஆடிட் பயம் அடங்கிவிடும்.

அன்று மீட்டிங்கில், ஆடிட்டர் முன்னால் பதில் சொல்ல மேனேஜர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுப்பினார். முதல் பெயர் காதில் விழுந்ததுமே என் வாய் தானாக முணுமுணுத்தது: “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” இரண்டாவது பெயருக்கும் அதே.

பக்கத்தில் இருந்தவள் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவள். “என்னக்கா சொல்றீங்க?” என்றாள். காதோடு காதாக விளக்கினேன். “நல்லாத்தான் இருக்குலா,” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெபம் என்ன ஜோக்கா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்தது என் பெயர். எழுந்தேன். சிரித்த முகத்தோடுதான் பதில் சொன்னேன். காரணம் மேனேஜருக்கு இன்றுவரை தெரியாது. நான் எழுந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து, பயபக்தியோடு, ஒரு குரல் வந்தது:

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”