இருபத்து நான்காம் நிமிடத்துப் பிரவுனி

பேக்கிங் பயிற்சி நிலையத்தில் என் அக்காவுக்கு ‘டைமர்’ என்று பெயர். பதினோரு வருடமாக அங்கே தட்டும் பாத்திரமும் கழுவுகிறாள். ஓவன்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, “ரெண்டாவதைத் திறங்க, ஓரம் பிடிக்குது” என்பாள். மணி அடிக்க இன்னும் மூன்று நிமிடம் இருக்கும். திறந்து பார்த்தால் ஓரம் பிடித்திருக்கும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளிடம் இருந்த ஒரே புத்தகம், நிலையத்தில் கழித்துப் போட்ட ஒரு கேக் புத்தகம். எழுதியவர் பெரிய சமையல் கலைஞர். அதிலிருந்த சாக்லேட் பிரவுனியை வீட்டுச் சின்ன ஓவனில் செய்து பார்த்தாள். நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தது. செங்கல் மாதிரி வந்தது.

“அந்தம்மா தப்பா எழுத மாட்டாங்க. என் கைதான் சரியில்ல” என்று நான்கு முறை செய்தாள். நான்கு செங்கல். ஐந்தாவது முறை இருபத்து நான்காம் நிமிடமே தட்டை வெளியே இழுத்துவிட்டாள். எடுத்த பிறகும் தட்டின் சூடு உள்ளே வேகவைத்துக்கொண்டே இருக்கும் என்பது பாத்திரம் கழுவுகிறவளுக்குத் தெரியாதா? கழுவும் தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, தட்டு பாதி முங்கும்படி வைத்தாள். ஆறியதும் வெட்டினாள். மேலே காகிதம் போல மெல்லிய பொருக்கு. உள்ளே கத்தியோடு இழுபட்டு வரும் கருஞ்சாந்து. மூன்று துண்டு தின்றுவிட்டு நாலாவதற்குக் கை நீட்டினேன்.

“போதும்டா பட்டதாரி, வயித்தைக் கலக்கும்.”

யாராவது செய்முறை கேட்டால் அக்கா நேராகச் சொல்லிவிட மாட்டாள். முதலில் புத்தகத்தின் பெயர், அப்புறம் எழுதியவர் பெயர், அப்புறம் “நான் மாத்தினது ரெண்டே இடம்” என்ற அறிவிப்பு. அதற்குப் பிறகுதான் வெண்ணெயும் முட்டையும் வரும்.

“ஏன்க்கா, ஒரு பிரவுனிக்கு இவ்வளவு பாயிரமா?”

“அவங்க உழைச்சு எழுதியிருக்காங்கடா. நாம சும்மா தூக்கிட்டுப் போயிட முடியுமா?”

புத்தகம் எழுதியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றதும் அவள்தான். “வாங்கினவங்க எல்லாம் செங்கல் தின்னுட்டு இருப்பாங்க, பாவம். நீ நல்லா எழுதுவியே, எழுதிப் போடு.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். கடிதம் எழுதத் தெரியும் என்ற கர்வம் எனக்கு உண்டு. அவள் சொல்லச் சொல்ல என் நடையில் எழுதினேன். “தட்டை அசைத்தால் நடுப்பகுதி காற்றுப் பட்ட குளம்போலச் சிலிர்க்க வேண்டும், கரை மட்டும் அசையக் கூடாது” என்பது முழுக்க என் வரி. முடிவு மரியாதையாக இருக்கட்டுமே என்று, “இதைத் தாங்கள் விரும்பியபடி பயன்படுத்திக்கொள்ளலாம்” என்றும் சேர்த்தேன். வாசித்துக் காட்டியபோது அக்கா முகம் மலர்ந்தது. “பெரிய மனுஷங்க எழுதுற மாதிரியே இருக்கு.”

பதில் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து நிலையத்தில் உதவிப் பயிற்சியாளர் இடம் ஒன்று காலியானது. “கழுவுற இடத்துலயே நிக்கணும்னு சட்டமா? நீயும் மனு போடு” என்றார் நிலையத்தை நடத்தும் மேடம். சொந்தமாக உருவாக்கிய அல்லது திருத்திய செய்முறை ஒன்றை எழுதித் தந்து, செய்தும் காட்ட வேண்டும். அக்கா அன்றைக்கே தையல்காரரிடம் வெள்ளை மேலங்கிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். நான் பழைய கடிதத்து வரிகளை நினைவிலிருந்து அட்டையில் எழுதிக் கொடுத்தேன். மேலே புத்தகத்தின் பெயர், கீழே, “இரண்டு திருத்தங்கள் என்னுடையவை.”

தேர்வு செய்ய உட்கார்ந்திருந்த மூன்று பேரும் இரண்டாவது துண்டு எடுத்தார்களாம். பிறகு மேடம் அட்டையைப் படித்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து அதே புத்தகத்தின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார். இருபத்து நான்கு நிமிடம். தொட்டித் தண்ணீர், “ஒருநாள் என் சமையலறையில் தற்செயலாகக் கண்டது” என்ற குறிப்போடு. காற்றுப் பட்ட குளம், அசையாத கரை, எல்லாம் அச்சில்.

“அளவு யாருக்கும் சொந்தமில்லம்மா. வார்த்தை, எழுதினவங்களோடது. அதை அப்படியே எடுத்துக்கிட்டு, ‘என்னுடையது’ன்னு வேற போட்டிருக்கியே!”

“நான்தான் மேடம் அவங்களுக்கு எழுதிப் போட்டேன்.”

பக்கத்திலிருந்தவர் சிரித்தாராம். “நீ? எழுதி?”

மறுநாள் நான் போனேன். பட்டதாரி என்று சொன்னதும் மேடம் நாற்காலி காட்டினார். கடிதத்துக்கு நகல் இருக்கிறதா என்றார். இல்லை. பதிவுத் தபாலா? இல்லை. அப்போதுதான் ‘விரும்பியபடி பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்ற என் கடைசி வரி நினைவுக்கு வந்தது. கடிதமே கிடைத்தாலும் அது புத்தகம் எழுதிய அம்மாவுக்குத்தான் சாட்சி சொல்லும். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அக்காவிடம் அதைச் சொன்னேன்.

“அந்த வரி நான் சொல்லலியேடா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை வேறொருத்திக்குப் போனது. பாத்திரம் கழுவும் வேலையாவது நிலைக்க வேண்டுமென்றால், புத்தகத்தைப் பார்த்து எழுதியது தவறு, இனி செய்ய மாட்டேன் என்று கடிதம் தர வேண்டும் என்றார்கள். பேனாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“குடுக்கா, நான் எழுதறேன்.”

“வேண்டாம்.”

காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு அசைந்தது. மொத்தம் நான்கு வரி இருக்கும்.

“பிழை இருக்கான்னு மட்டும் பார்க்கறேன்க்கா.”

“இருந்தா இருக்கட்டும்” என்றாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “இதுக்கு உன் அழகெல்லாம் வேண்டாம்.”